எம்1008 ராணுவப் பிக்கப்பை நெடுஞ்சாலை வேகத்துக்குக் கொண்டுவருதல்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ராணுவத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1980-களின் நடுப்பகுதியில் தயாரித்துக் கொடுத்த எம்1008 வண்டி, வெளிப்பார்வைக்கு ஒரு சாதாரண செவர்லே கே30 பிக்கப்தான். போர்க்களத்துக்கென்றே தனியாக ஒரு வண்டியை வடிவமைக்காமல், சந்தையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியையே சில மாற்றங்களுடன் வாங்கிக்கொண்டால் செலவு குறையும் என்று ராணுவம் எண்ணியதன் விளைவு அது. 6.2 லிட்டர் வி8 டீசல் இன்ஜின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம், ஒன்றேகால் டன் சுமைத் திறன் ஆகியவற்றைக் கொண்ட இந்த வண்டிகள் ராணுவச் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டு ஏலத்தில் பொதுமக்களிடம் வந்தபோது, பண்ணை வேலைக்கும் காட்டுப் பாதைக்கும் அவற்றுக்கு ஈடில்லை என்பதை வாங்கியவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். ஆனால் அதே வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றினால், மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொடும்போதே இன்ஜின் அலறத் தொடங்குகிறது. அதற்கு மேல் மிதித்தால் சத்தம் கூடுகிறதே தவிர வேகம் மனமில்லாமல்தான் ஏறுகிறது.

இதைக் கண்டவுடன் பெரும்பாலோர் இன்ஜினில் பலம் இல்லை என்று முடிவுகட்டி, டீசல் பம்பைத் திருகவோ டர்போ பொருத்தவோ கிளம்பிவிடுகிறார்கள். அது தவறான தொடக்கம் என்பதே என் உறுதியான கருத்து. அதே இன்ஜினையும் அதே கியர்பாக்ஸையும் கொண்ட எம்1009 என்ற ராணுவ பிளேசர், நெடுஞ்சாலையில் அமைதியாக ஓடுகிறது. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன்-பினியன் பல்சக்கரங்களின் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுழல புரோப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண்: எம்1009-இல் அது 3.08, எம்1008-இல் 4.56. சுமையோடு சேற்றிலும் மேட்டிலும் ஏற வேண்டிய வண்டிக்கு 4.56 சரியான தேர்வுதான். மேலும், அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர், என்ற உச்ச வரம்பு 1974 முதல் சட்டமாக இருந்த காலத்தில் இந்த வண்டி வாங்கப்பட்டது. கிராமப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைல் வரை செல்ல 1987-இல்தான் அனுமதி கிடைத்தது. ஆகவே அன்று யாருக்கும் இது ஒரு குறையாகத் தோன்றியிருக்காது.

நாம் அடைய வேண்டிய இலக்கையும் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. மணிக்கு 105 கிலோமீட்டரில் இன்ஜினை வதைக்காமல், பல மணி நேரம் தொடர்ந்து ஓடக்கூடிய வண்டி நமக்கு வேண்டும். 130-ஐத் தொடுவது இலக்கு அல்ல. இந்தச் சேஸிஸும் பிரேக்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

முதல் படி: சுற்றுகளைக் கணக்கிடுதல்

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். எம்1008-இன் மூல டயர் 235/85 ஆர்16. அதன் விட்டம் சுமார் 806 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 2.53 மீட்டர். இதில் உள்ள டர்போ ஹைட்ராமேட்டிக் 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மூன்றாவது கியர் நேர் விகிதம், அதாவது 1:1. வேகத்தை 1000-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும். அதை டயர் சுற்றளவால் வகுத்து ஆக்சில் விகிதத்தால் பெருக்கினால் இன்ஜின் சுற்று கிடைத்துவிடும். இந்த வண்டிக்கு அந்தக் கணக்கு மனத்தில் எளிதாகப் பதியும்படி அமைந்திருக்கிறது: மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 30 சுற்று. 90 கிலோமீட்டரில் 2,700, 105-இல் 3,150, 120-இல் 3,600. அந்த 3,600-இல்தான் டீசல் பம்பிலுள்ள கவர்னர் எரிபொருளைக் குறைத்து இன்ஜினை நிறுத்திப் பிடிக்கிறது. இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் சிறிது வழுக்கல் எப்போதும் இருப்பதால், உண்மையான சுற்று இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த இன்ஜின் 3,600 சுற்றில் 135 குதிரைத் திறனைத் தருகிறது; ஆனால் அதன் முறுக்கு விசை உச்சத்தைத் தொடுவது 2,000 சுற்றில். அதற்குச் சற்று மேலே, 2,200 முதல் 2,600 வரையிலான இடைவெளியே அது நிம்மதியாக நீண்ட நேரம் உழைக்கும் இடம். எம்1009 வண்டி 105 கிலோமீட்டரில் சுமார் 2,200 சுற்றில் ஓடுகிறது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் வேலை முழுவதும் அந்த 3,150-ஐ இந்த இடைவெளிக்குள் கொண்டுவருவதுதான்.

இந்த வண்டியின் டேஷ்போர்டில் சுற்றுமானி கிடையாது. ஆல்டர்னேட்டரின் துடிப்பைக் கொண்டு அளக்கும் டீசல் சுற்றுமானி ஒன்றை வாங்கி, கிராங்க் புல்லியில் ஒளிரும் பட்டையை ஒட்டி ஒளிவழி அளக்கும் கைக்கருவியால் அதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால், இனிமேல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் பலனையும் ஊகமின்றி அறியலாம்.

இரண்டாம் படி: இருக்கும் பலம் முழுவதும் கிடைக்கிறதா?

காற்றை எதிர்த்து ஓடத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. 90-இலிருந்து 105-க்குப் போவது பார்வைக்குச் சிறிய மாற்றம். ஆனால் காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் ஏறக்குறைய 1.6 மடங்கு திறன் வேண்டும். வெறும் வண்டியாகவே இரண்டே முக்கால் டன்னை நெருங்கும் இதற்கு 135 குதிரைத் திறன் தாராளம் அல்ல. அதில் இருபது குதிரை, நாற்பதாண்டு அழுக்கினால் காணாமல் போயிருந்தால், கியர் விகிதத்தை மாற்றியும் பயன் இராது. மேட்டில் வண்டி இன்னும் திணறும்.

ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்க, மற்றொருவர் இன்ஜின் மேலே உள்ள, இன்ஜெக்டர்களுக்கு டீசலைச் செலுத்தும் ஸ்டானடைன் டிபி2 பம்பின் நெம்புகோல் தன் எல்லைத் திருகைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடவில்லை என்றால் இணைப்பைச் சரிசெய்வதே இந்த வண்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான வைத்தியம். பிறகு ஏர் ஃபில்டரையும், கேபின் முன்சுவரில் கம்பிப் பிடிகளால் மாட்டப்பட்டிருக்கும் சதுர வடிவ டீசல் ஃபில்டரையும் மாற்றுங்கள். டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும், இன்ஜினின் பக்கத்தில் இருக்கும் டயாஃப்ரம் வகைச் சிறு பம்ப் பலவீனமடைந்திருந்தால், ஊருக்குள் எந்தக் குறையும் தெரியாமல், நெடுஞ்சாலையில் தொடர்ந்து மிதிக்கும்போது மட்டும் இழுவை குறையும். டேங்க்கிலிருந்து வரும் ரப்பர்க் குழாய்களில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே கசியாது. காற்று உள்ளே புகும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே சிறிது நேரத்துக்கு ஒளி புகும் குழாயைப் பொருத்தி, ஓடும் இன்ஜினில் குமிழ்கள் தெரிகின்றனவா என்று பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். இன்ஜெக்டர்கள் பழையவையாக இருந்தால் எட்டையும் ஒரே தவணையில் மாற்றி, அப்போதே பம்பின் டைமிங்கையும் சரிபார்த்துக்கொள்வது முறை.

கியர்பாக்ஸுக்கு ஒரு தனிக் குறிப்பு தேவை. டீசல் இன்ஜினின் உறிஞ்சு குழாயில் வெற்றிடம் உருவாவதில்லை. ஆகவே கியர் எப்போது மாற வேண்டும் என்பதை வெற்றிடத்தைக் கொண்டு கட்டுப்படுத்தும் இந்தக் கியர்பாக்ஸின் மாடுலேட்டருக்கு, இன்ஜினின் பின்புறத்தில் உள்ள தனி வெற்றிடப் பம்பிலிருந்து, டீசல் பம்பின் தண்டோடு இணைந்த ஒரு சிறு வால்வு வழியாக வெற்றிடம் போகிறது. அந்த வால்வோ அதன் ரப்பர்க் குழாயோ கெட்டிருந்தால், கியர் மிகத் தாமதமாகவும் அடித்தும் மாறும். மூன்றாவது கியர் விழாமலேயே நெடுஞ்சாலை வேகத்தைத் தேடி, இன்ஜினைப் பழிப்பவர்கள் உண்டு. சில அங்குல ரப்பர்க் குழாயில் தீர்ந்துவிடும் குறைக்காக ஆக்சிலைப் பிரிக்க வேண்டாம்.

கடைசியாக, கிராங்க் புல்லியின் பின்னால் இருக்கும் அதிர்வு தணிப்பானைக் கவனியுங்கள். அதன் இரு வளையங்களுக்கு இடையே உள்ள ரப்பர் வெடித்திருந்தாலோ பிதுங்கியிருந்தாலோ உடனே மாற்றிவிட வேண்டும். அது செத்த நிலையில் 6.2 இன்ஜினைத் தொடர்ந்து உயர் சுற்றில் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட் முறிவதற்கு வழியாகும்.

மூன்றாம் படி: வேகத்தைத் தாங்கும் உடல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல யாருக்கும் உரிமை இல்லை என்றே சொல்வேன். ஏனெனில் இதில் ஆபத்து ஓட்டுபவருக்கு மட்டும் அல்ல. எம்1008-இன் பிரேக் உதவி, பவர் ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகை. பெல்ட் தளர்ந்தாலும் எண்ணெய் குறைந்தாலும் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் ஒன்றாகவே கனத்துவிடும். முன் டிஸ்க்குகளையும் பின் டிரம்களையும் பிரித்துப் பார்த்து, வீல் சிலிண்டர்களில் கசிவு இருந்தால் மாற்றி, ரப்பர் பிரேக் ஹோஸ்களை அவற்றின் தோற்றம் எப்படியிருந்தாலும் புதிதாக்கிவிடுங்கள்.

அந்தக் காலத்து செவர்லே நான்கு சக்கர இயக்க வண்டிகளில், ஸ்டீயரிங் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் சேஸிஸ் சட்டம் விரிசல் விடுவது அறியப்பட்ட குறை. அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒருவர் ஸ்டீயரிங்கை இடவலமாக ஆட்டும்போது கூர்ந்து பாருங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் செய்து, வலுவூட்டும் தகடு பொருத்திய பிறகே அடுத்த வேலை. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் ஆட்டம், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகள், இலை ஸ்பிரிங் புஷ்கள், புரோப்பல்லர் ஷாஃப்ட்டின் சிலுவைகள் ஆகியவற்றையும் இதே தவணையில் முடித்துவிடலாம்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ஏலத்தில் வந்த வண்டியின் டயர்கள் தேயாமல் இருக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகள் வெயிலில் நின்ற ரப்பர், 105 கிலோமீட்டர் வேகச் சூட்டில் அடுக்கு பிரிந்துவிடும்.

நான்காம் படி: டயரால் கிடைப்பது எவ்வளவு?

புது டயர் எப்படியும் வாங்க வேண்டியிருப்பதால், சற்று உயரமானதையே வாங்கலாம் என்ற எண்ணம் நியாயமானது. 255/85 ஆர்16 அளவு, மூல அளவைவிட நாலு சதவீதம் உயரம். அகலம் அதிகம் கூடாததால் மூல ரிம்மிலேயே பொருந்தும். 105 கிலோமீட்டரில் சுற்று 3,150-இலிருந்து சுமார் 3,025-க்குக் குறையும். இது உதவிதான், தீர்வு அல்ல. ஹம்வீ என்ற ராணுவ வண்டிகளிலிருந்து கழற்றப்பட்டு மலிவாகக் கிடைக்கும் 37 அங்குல டயர்கள் சுற்றை 2,700-க்குக் கொண்டுவந்துவிடும் என்பது கணக்கில் உண்மை. ஆனால் அவற்றுக்கு 16.5 அங்குல ரிம் தேவை. வண்டியை உயர்த்தவோ மட்கார்டை வெட்டவோ வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் எடையும் கூடி, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். நெடுஞ்சாலையே நோக்கம் என்றால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்தாம் படி: கிரவுன்-பினியனா, ஓவர்டிரைவா?

ஆக்சில் விகிதத்தை மாற்றலாம், அல்லது 1-க்குக் குறைந்த விகிதமுள்ள ஓவர்டிரைவ் கியரைச் சேர்க்கலாம். உண்மையான மாற்றம் இங்கேதான் நிகழ்கிறது. பணமும் உழைப்பும் இங்கேதான் செல்லும். ஆகவே இரு வழிகளையும் பொறுமையாக எடைபோட வேண்டும்.

ஆக்சில் விகிதத்தை 4.10-ஆக மாற்றினால் 105 கிலோமீட்டரில் 2,835 சுற்று, 3.73-ஆக மாற்றினால் 2,580. பின்னால் இருக்கும் 14 போல்ட் ஆக்சிலிலும் முன்னால் இருக்கும் டானா 60-இலும் பல்சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்து வாங்குபவர்கள், பிரித்த பிறகு திகைத்து நிற்கிறார்கள். இந்த இரண்டு ஆக்சில்களிலும், 4.56-உம் அதற்கு மேலும் உள்ள விகிதங்களுக்கு கிரவுன் வீலைத் தாங்கும் டிஃபரன்ஷியல் கூட்டில் ஒரு வகையும், 4.10-உம் அதற்குக் கீழும் உள்ளவற்றுக்கு வேறு வகையும் தேவை. பினியனின் அளவு மாறுவதால், கிரவுன் வீல் நிற்க வேண்டிய இடமும் மாறிவிடுகிறது. அதனால் பழைய கூட்டில் புதிய பல்சக்கரம் பொருந்தாது. பின் ஆக்சிலில் பெரும்பாலும் காணப்படும், இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றும் டெட்ராய்ட் லாக்கரும் கூட்டோடு சேர்ந்தே போய்விடும். ஈரமான நெடுஞ்சாலையில் காலை எடுக்கும்போது வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும் சுபாவம் அந்த லாக்கருக்கு உண்டு என்பதால், நெடுஞ்சாலையை முதன்மையாகக் கொண்டவருக்கு இது பெரிய இழப்பு அல்ல.

இதைவிடச் சிக்கனமான வழி, அதே காலத்துச் சிவிலியன் கே20 அல்லது கே30 வண்டிகளிலிருந்து 3.73 அல்லது 4.10 விகிதமுள்ள முழு ஆக்சில்களையே எடுத்துப் பொருத்துவது. வாங்கும் முன், பல்சக்கரத்தின் பற்களை எண்ணி விகிதத்தை நீங்களே உறுதிசெய்யுங்கள். ஒட்டியிருக்கும் சீட்டை நம்ப வேண்டாம். முன்னும் பின்னும் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டியது கட்டாயம். பின்புறத்தை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், இரண்டு ஆக்சில்களும் ஒன்றையொன்று எதிர்த்து, இன்ஜின் விசையை இரண்டு ஆக்சில்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயின் அறுந்துபோகும். புதிய பல்சக்கரம் பொருத்தினால், பேரிங் இறுக்கம், பற்களின் இடைவெளி, சாயம் பூசிப் பார்க்கும் தொடுதடம் ஆகிய மூன்றையும் அளந்து பொருத்தக்கூடிய கைக்கே அந்த வேலையைக் கொடுங்கள். முதல் பயணத்தை முப்பது கிலோமீட்டருக்குள் முடித்து முழுவதும் ஆறவிட்டு, முதல் 800 கிலோமீட்டர் வரை சுமை ஏற்றாமல் ஓட்டி, பிறகு ஆக்சில் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

இந்த வழியில் நீங்கள் இழப்பது இழுவை. 3.73-க்குப் போனால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை 18 சதவீதம் குறையும். டிரெய்லர் இழுப்பவருக்கும் செங்குத்தான பாதையில் ஏறுபவருக்கும் அது தெரியும்.

இரண்டாவது வழியான ஓவர்டிரைவ், 4.56-ஐத் தொடாமல் விட்டு, அதன் மேல் ஒரு கியரைக் கூட்டுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் விகிதம் 0.70, கணக்கில் 105 கிலோமீட்டருக்கு 2,200 சுற்று என்று கவர்ச்சியாகவே இருக்கும். ஆனால் அது அரை டன் வண்டிகளின் பாரத்துக்காக வந்தது. எம்1008-இன் எடைக்கும் சுமைக்கும் அதை நான் நம்ப மாட்டேன். இந்த வண்டிக்கு உரிய ஆட்டோமேட்டிக் 4எல்80இ. 1991-இல் வந்த அது, நம் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் 400-இன் அடிப்படையிலேயே உருவானது. முதல் கியர் விகிதம் அதே 2.48, நான்காவது கியர் 0.75. ஆக்சிலோடு சேர்த்துக் கணக்கிட்டால் 3.42 விகிதத்துக்குச் சமம். 105 கிலோமீட்டரில் சுமார் 2,365 சுற்று. டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதால் வழுக்கலும் அதனால் வரும் சூடும் குறைகின்றன.

அது மின்னணுவால் இயங்குவதால், தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், டீசல் பம்பின் நெம்புகோலில் மாட்டும் உணரியும் வேண்டும். இங்கே மிகுந்த கவனம் தேவை. எம்1008-இல் இரண்டு பேட்டரிகள் தொடராக இணைந்து 12, 24 வோல்ட் ஆகிய இரண்டையும் தருகின்றன. இரண்டு ஆல்டர்னேட்டர்களும் ஆளுக்கொரு பேட்டரியை மின்னேற்றுகின்றன. கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பு, மல்டிமீட்டரால் உறுதிசெய்யப்பட்ட 12 வோல்ட் முனையிலிருந்தே வர வேண்டும்; 24 வோல்ட்டில் கொடுத்தால் அந்த நொடியே எரிந்துவிடும். கியர்பாக்ஸின் நீளம் வேறுபடுவதால், குறுக்குச் சட்டத்தின் இடமும் புரோப்பல்லர் ஷாஃப்ட்டுகளின் நீளமும் மாறும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் மிதிக்கத் தயங்காதவருக்கு, சுமார் 0.73 ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் என்வி4500 மற்றொரு நல்ல தேர்வு. மின்னணு எதுவும் இல்லாதது இந்த வண்டியின் இயல்புக்கும் பொருந்தும். கியர்பாக்ஸையே தொட விரும்பாதவர், கியர் வெண்டார்ஸ் நிறுவனத்தின் 0.78 விகிதத் துணை ஓவர்டிரைவைப் பின்புறம் சேர்க்கலாம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் பொருத்தப்படும் நிலையில், அது பின் ஆக்சிலை மட்டுமே வேகப்படுத்தும். ஆகவே நான்கு சக்கர இயக்கத்தின்போது அதை ஒருபோதும் இயக்கக் கூடாது.

எதைத் தேர்வது? சுமை குறைவு, பணம் குறைவு, ஊர்விட்டு ஊர் போவதே வேலை என்றால், 3.73 ஆக்சில்களும் 255/85 டயரும் போதும். 105-இல் 2,475 சுற்றுக்கு வந்துவிடும். காட்டுப் பாதையும் டிரெய்லரும் வாழ்க்கையின் பகுதியாக இருந்தால், 4.56-ஐக் காப்பாற்றிக்கொண்டு 4எல்80இ பொருத்துங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய ஆசைப்படாதீர்கள். 3.73-உம் 0.75-உம் சேர்ந்தால் 105-இல் சுற்று 1,935-க்கு இறங்கிவிடும். அங்கே இந்த இன்ஜினால் தரமுடிவது 90 குதிரைத் திறனுக்குள்தான். எதிர்க்காற்று அடித்தாலே கியர் கீழே விழும்.

ஆறாம் படி: டர்போ, தேவைப்பட்டால் மட்டும்

விகிதம் சரியான பிறகு சமதளத்தில் குறை இராது. நீண்ட மலையேற்றத்தில் மட்டும் வேகம் இறங்கும். அது பொறுக்க முடியாதவருக்கு மிதமான டர்போ உதவும். 6.2 இன்ஜினின் அமுக்க விகிதம் சுமார் 21:1. கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் சுவர்களில் விரிசல் விழுவது இதன் பழைய நோய். ஆகவே அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். டர்பைனுக்கு முன்னால் புகை வெப்பமானி ஒன்றைப் பொருத்தாமல் டீசல் அளவைக் கூட்டவே கூடாது. அந்த முள் 650 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது காலை எடுப்பது ஓட்டுபவரின் பழக்கமாக வேண்டும். பம்பின் உள்ளே இருக்கும் டீசல் திருகை எட்டில் ஒரு சுற்று வீதம் மட்டும் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கரும்புகை என்பது எரியாத டீசல். அதைப் பலத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். ரேடியேட்டரும் ஃபேன் கிளட்சும் நல்ல நிலையில் இல்லையெனில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ஏழாம் படி: வேகமானியும் சோதனை ஓட்டமும்

டயரையோ ஆக்சிலையோ மாற்றியவுடன் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். 3.73 ஆக்சிலோடு ஓடும் வண்டியில் முள் 90-ஐக் காட்டும்போது உண்மை வேகம் 110 ஆக இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பகுதியில் உள்ள வேகமானிப் பல்சக்கரத்தைப் பொருத்தமானதாக மாற்றி, ஜிபிஎஸ் கருவியோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். கியர்பாக்ஸை மட்டும் மாற்றியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. வேகம் அளக்கப்படுவது அதற்குப் பின்னால்தான்.

முதல் சோதனைக்குக் காற்றில்லாத காலையையும் நெரிசலில்லாத சாலையையும் தேர்ந்து, பின்பெட்டியின் கேன்வாஸ் கூரையையும் அதன் வளைவுக் கம்பிகளையும் கழற்றி வைத்துவிட்டுப் புறப்படுங்கள். 80-இல் பத்து நிமிடம், 90-இல் பத்து நிமிடம், பிறகு 105-இல் இருபது நிமிடம் ஓட்டி, சுற்றையும் தண்ணீர்ச் சூட்டையும் ஆயில் அழுத்தத்தையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். நிறுத்தியவுடன் நான்கு வீல் ஹப்களையும் இரண்டு டிஃபரன்ஷியல் மூடிகளையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள்; ஒரு ஹப் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்துவிட்டு, அதே சாலையில் அதே வேகங்களில் மறுபடி ஓட்டி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.